புதிய ஆப்ஜெக்டில் இயல்பு மதிப்பு: இடுவது யார், எப்போது?

நிரலின் ஆப்ஜெக்டுகளைத் தரவுத்தள அட்டவணைகளோடு இணைக்கும் ஓஆர்எம் கருவிகளைப் பற்றி இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றி வருகின்றன. புதிதாக உருவாக்கும் ஆப்ஜெக்டில் நாம் எதுவும் சொல்லாமல் விட்ட புலங்களுக்கு மதிப்பை இடுவது யார், எப்போது இடுகிறார் என்பதே அந்த இடம். ஆகவே அவற்றை ஒன்றாகத் தொகுத்து விடையளிக்கிறேன். டிஃபால்ட் என்று நிரல்களில் எழுதப்படுவதை இங்கு ‘இயல்பு மதிப்பு’ என்றே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: பைத்தானின் எஸ்கியூஎல்ஆல்கெமியில் ஆர்டர் என்ற கிளாஸை எழுதி, நிலை என்ற நெடுவரிசைக்கு ‘புதியது’ என்று இயல்பு மதிப்பும் கொடுத்தேன். ஆப்ஜெக்டை உருவாக்கிய மறு வரியில் அச்சிட்டுப் பார்த்தால் ‘நன்’ (மதிப்பு இல்லை) என்றே வருகிறது. சேமித்த பிறகு பார்த்தால் ‘புதியது’ என்று சரியாக இருக்கிறது. பைத்தானின் இன்னொரு கருவியான ஜாங்கோவில் வேலை செய்யும் நண்பர், தமக்கு உடனே மதிப்பு வந்துவிடுவதாகச் சொல்கிறார். இது பிழையா?

பதில்: பிழை இல்லை, இரண்டு கருவிகளும் ‘இயல்பு’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு தருணங்களுக்குப் பயன்படுத்துகின்றன, அவ்வளவுதான். ஒரு மதிப்பு உள்ளே வருவதற்கு மூன்று வாய்ப்புகள் உண்டு. நினைவகத்தில் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே வரலாம். சேமிப்பதற்காகக் கருவி, பதிவைச் சேர்க்கும் இன்செர்ட் கட்டளையைத் தொகுக்கும்போது வரலாம். அக்கட்டளை தரவுத்தளத்தை அடைந்த பின், அதில் குறிப்பிடப்படாத நெடுவரிசையைத் தரவுத்தளமே நிரப்பும்போதும் வரலாம். ஜாங்கோ முதல் வாய்ப்பைப் பயன்படுத்துகிறது. எஸ்கியூஎல்ஆல்கெமியில் நெடுவரிசைக்குக் கொடுக்கும் ‘டிஃபால்ட்’ இரண்டாவது வாய்ப்பைச் சேர்ந்தது. ‘சர்வர் டிஃபால்ட்’ என்று தனியாக ஒன்று இருக்கிறதே, அது மூன்றாவது. உங்கள் ஆப்ஜெக்ட் ஃப்ளஷ் ஆகும் வரை, அதாவது அதற்கான கட்டளை தரவுத்தளத்திற்கு அனுப்பப்படும் வரை, அந்த மதிப்பைப் பற்றி எதுவும் அறியாது. ஃப்ளஷுக்கு முன்பே ‘நிலை புதியதாக இருந்தால்’ என்று ஒரு நிபந்தனையை எழுதியிருந்தால் அது ஓசையில்லாமல் தவறிவிடும். கடிதத்தில் நீங்கள் சொல்லாவிட்டாலும், இப்படி ஒரு நிபந்தனை தவறிய பிறகுதான் அச்சிட்டுப் பார்த்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன்.

மற்ற கருவிகளிலும் இந்த வேறுபாடு உண்டு. ரூபி மொழியில் எழுதப்பட்ட ரெயில்ஸின் ஆக்டிவ் ரெக்கார்ட், அட்டவணையின் அமைப்பைத் தரவுத்தளத்திடமே கேட்டு அறிந்துகொள்வதால், அங்கே எழுதப்பட்ட மாறிலியான இயல்பு மதிப்பு புதிய ஆப்ஜெக்டில் உடனே தோன்றும். ஆனால் அந்த இயல்பு மதிப்பு ‘இப்போதைய நேரம்’ போன்ற ஒரு செயற்கூறாக இருந்தால், குறைந்தது சேமிக்கும் வரை வெற்றிடமே தெரியும். பெர்லின் டிபிஐஎக்ஸ் கிளாஸில், நெடுவரிசை விவரத்தில் எழுதும் இயல்பு மதிப்பு அட்டவணையை உருவாக்கும் கட்டளைக்கு மட்டுமே பயன்படுகிறது. புதிய ஆப்ஜெக்டில் அது எட்டிக்கூடப் பார்க்காது.

எஸ்கியூஎல்ஆல்கெமியில் பிறக்கும்போதே மதிப்பு வேண்டுமென்றால், ஆப்ஜெக்ட் பிறக்கும்போது இயங்கும் இனிட் மெத்தடைக் கிளாஸில் நீங்களே எழுதி, வந்திருக்கும் பெயர்-மதிப்பு இணைகளில் ‘நிலை’ இல்லாவிட்டால் மட்டும் அதைச் சேர்த்து, பிறகு தாய் கிளாஸின் இனிட்டை அழையுங்கள். இதில் ஒரு வசதி இருக்கிறது: தரவுத்தளத்திலிருந்து பழைய பதிவை எடுத்து ஆப்ஜெக்டாக்கும்போது எஸ்கியூஎல்ஆல்கெமி இனிட்டை அழைப்பதே இல்லை. அதனால் நீங்கள் எழுதுவது உண்மையிலேயே புதிய ஆப்ஜெக்டுகளை மட்டும் தொடும். டிபிஐஎக்ஸ் கிளாஸில் ‘நியூ’ மெத்தடை மேலெழுதுவதும் இதே காரணத்தால் பாதுகாப்பானது. ஜாங்கோவில் இந்த வழக்கம் செல்லாது. அங்கே வாசிக்கப்பட்ட பதிவும் இனிட் வழியாகவே ஆப்ஜெக்டாகிறது. ஒரு கருவியில் கற்ற பழக்கத்தை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

எஸ்கியூஎல்ஆல்கெமியின் 2.0 பதிப்பில் கிளாஸை டேட்டாகிளாஸாக (இனிட் மெத்தடைப் பைத்தானே எழுதித்தரும் கிளாஸாக) வரையறுக்கும் வசதி வந்திருக்கிறது. அவ்வாறு வரையறுத்தால் ‘டிஃபால்ட்’ என்பது ஆப்ஜெக்ட் பிறக்கும் தருணத்திற்கு உரியதாகிவிடும். பழைய பொருளில் வேண்டுமானால் ‘இன்செர்ட் டிஃபால்ட்’ என்று எழுத வேண்டும். பழைய நிரலைப் புதிய பாணிக்கு மாற்றுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது.

கேள்வி: எங்கள் ஜாங்கோ செயலியில் பதிவு செய்யும் எல்லாப் பயனர்களுக்கும் ஒரே சேர்ந்த நேரம் விழுகிறது, அதுவும் சர்வரைக் கடைசியாகத் தொடங்கிய நேரம். என் கணினியில் சோதித்தபோது எல்லாம் சரியாக இருந்தது. காரணம் என்ன?

பதில்: ஓர் அடைப்புக்குறி இணை. மாடல் கோப்பைத் திறந்து அந்தப் புலத்தின் வரியைப் பாருங்கள். இயல்பு மதிப்பாக ‘டைம்ஸோன் நவ்’ என்று எழுதி அதன் பின் வெற்று அடைப்புக்குறிகளையும் போட்டிருப்பீர்கள். அடைப்புக்குறி போட்டால் அச்செயற்கூறு அந்த வரி வாசிக்கப்படும் கணத்திலேயே, அதாவது கிளாஸ் நினைவகத்தில் ஏற்றப்படும்போதே, ஒருமுறை இயங்கிவிடுகிறது. அப்போது கிடைத்த நேரம் ஒரு மாறிலியாக உறைந்து, அந்த புராசஸ் உயிரோடு இருக்கும் வரை எல்லா ஆப்ஜெக்டுகளுக்கும் அதுவே வழங்கப்படுகிறது. அடைப்புக்குறிகளை நீக்கினால் நீங்கள் கொடுப்பது நேரத்தை அல்ல, நேரத்தைக் கேட்டறியும் செயற்கூற்றை. ஒவ்வொரு ஆப்ஜெக்ட் பிறக்கும்போதும் ஜாங்கோ அதை அழைக்கும்.

உங்கள் கணினியில் தெரியாததற்குக் காரணம், கோப்பைத் திருத்திச் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் உருவாக்கச் சர்வர் தானாக மறுதொடக்கம் ஆகிவிடுவது. சில நிமிட வித்தியாசத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. நேரலைச் சர்வர் நாள் கணக்கில் ஓடும்போதுதான் குட்டு வெளிப்படுகிறது. நான் முன்பு வேலை பார்த்த ஒரு குழுவில், இலவசப் பயன்பாட்டுக் காலம் முடியும் நாளை இப்படி உறையவைத்துவிட்டோம். வாடிக்கையாளர்கள் சேர்ந்த அன்றே ‘உங்கள் காலம் முடிந்தது’ என்ற செய்தியைப் பெற்ற பிறகே எங்களுக்குத் தெரியவந்தது. ஜாங்கோ தன் ஆரம்பச் சோதனையில் ‘நிலையான இயல்பு மதிப்பு கொடுக்கப்பட்டுள்ளது’ என்று ஓர் எச்சரிக்கையை அச்சிடவே செய்கிறது. ஆனால் எச்சரிக்கைகளை வரி வரியாகப் படிக்கும் வழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இதன் உடன்பிறப்பு ஒன்றும் உண்டு. ஜேசன் புலத்திற்கு இயல்பு மதிப்பாக ஒரு வெற்று டிக்ஷனரியை நேரடியாகக் கொடுத்தால், எல்லா ஆப்ஜெக்டுகளும் நினைவகத்தில் உள்ள அந்த ஒரே டிக்ஷனரியைப் பகிர்ந்துகொள்ள நேரும். ஒருவருடைய அமைப்பில் ‘இருண்ட திரை’ என்று சேர்த்தால், அடுத்துப் பிறக்கும் ஆப்ஜெக்டிலும் அது ஒட்டிக்கொண்டு வரும். மதிப்புக்குப் பதிலாக ‘டிக்ட்’ என்ற பெயரை மட்டும் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று உருவாகும். சற்றுச் சிக்கலான தொடக்க மதிப்பு வேண்டுமென்றால் மாடல் கோப்பின் மேல்மட்டத்தில் பெயருள்ள ஒரு சிறு செயற்கூற்றை எழுதி அதன் பெயரைக் கொடுங்கள். லாம்டா வேண்டாம், அதற்குப் பெயர் இல்லாததால், அட்டவணை மாற்றங்களைப் பதியும் மைக்ரேஷன் கோப்பில் அதை எழுதிவைக்க ஜாங்கோவால் இயலாது.

கேள்வி: ரெயில்ஸில், ஆப்ஜெக்ட் உருவானதும் தானாக இயங்கும் ‘ஆஃப்டர் இனிஷியலைஸ்’ கால்பேக்கில், மின்னஞ்சல் அறிவிப்புக்கு இயல்பு மதிப்பாக ‘ஆம்’ என்று வைத்தேன். மதிப்பு ஏற்கெனவே இருந்தால் தொடாதே என்ற பொருளில்தான் எழுதினேன். ஆனால் அறிவிப்பை அணைத்து வைத்திருந்த பழைய பயனர்களுக்கும் மின்னஞ்சல் போய்விட்டது.

பதில்: இதில் இரண்டு தவறுகள் ஒன்றின் மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. நீங்கள் பயன்படுத்திய இரட்டைக் கோட்டுச் சமக்குறி, ‘மதிப்பு இல்லையென்றால் இடு’ என்று சொல்வதில்லை. ‘மதிப்பு பொய்யானால் இடு’ என்று சொல்கிறது. ரூபியில் வெற்றிடமும் பொய், ‘இல்லை’ என்ற பூலியன் மதிப்பும் பொய். பயனர் தெளிவாகச் சொன்ன ‘இல்லை’யை உங்கள் நிரல் ‘சொல்லவில்லை’ என்று படித்து, ‘ஆம்’ ஆக்கிவிட்டது. பூலியன் புலங்களுக்கு அந்தக் குறியை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வெற்றிடம்தானா என்று வெளிப்படையாகக் கேளுங்கள்.

இரண்டாவது தவறு இடத்தைப் பற்றியது. அந்தக் கால்பேக் புதிய ஆப்ஜெக்டுகளுக்கு மட்டும் இயங்குவதில்லை; தரவுத்தளத்திலிருந்து வாசிக்கப்படும் ஒவ்வொரு பதிவுக்கும் இயங்குகிறது. பத்தாயிரம் பதிவுகளை வாசித்தால் பத்தாயிரம் முறை. சில நெடுவரிசைகளை மட்டும் தேர்ந்து வாசிக்கும்போது, வாசிக்கப்படாத புலத்தை இந்தக் கால்பேக் தொட முயன்று, ‘அப்படிப்பட்ட பண்பு இல்லை’ என்று பிழை எறிவதும் உண்டு. ‘புதிய பதிவா’ என்று கேட்டுவிட்டு இட்டால் இவை நீங்கும். ஆனால் 2016இல் வந்த ரெயில்ஸ் 5.0 முதல், கிளாஸிலேயே பண்பை அறிவித்து இயல்பு மதிப்பைக் கொடுக்கும் வசதி இருக்கிறது. மாறும் மதிப்பானால் அங்கே ஒரு லாம்டாவையும் கொடுக்கலாம். அதையே பயன்படுத்துங்கள். அது புதிய ஆப்ஜெக்டுகளுக்கு மட்டுமே பொருந்தும்; வாசித்த பதிவில் உள்ள ‘இல்லை’யைத் தொடாது.

ஆப்பிளின் கோர் டேட்டா இதை அழகாகப் பிரித்திருக்கிறது. அதை ஓஆர்எம் என்று அழைப்பது சரியா என்று வாதிடுவோர் உண்டு, அது இருக்கட்டும். அங்கே முதன்முதலாகச் செருகப்படும் ஆப்ஜெக்டுக்கு ஒரு மெத்தட், வாசித்து எழுப்பப்படும் ஆப்ஜெக்டுக்கு வேறொரு மெத்தட் என்று வாசல்களே தனித்தனியாக இருப்பதால், உங்களுக்கு நேர்ந்த குழப்பம் எளிதில் நேராது.

கேள்வி: அட்டவணையில் ‘செயலில் உள்ளது’ என்ற நெடுவரிசைக்குத் தரவுத்தளத்திலேயே ‘ஆம்’ என்று இயல்பு மதிப்பு வைத்திருக்கிறோம். எஸ்கியூஎல் கட்டளையைக் கையால் எழுதிப் பதிவைச் சேர்த்தால் சரியாக வருகிறது. ஜாவாவின் ஓஆர்எம் கருவியான ஹைபர்னேட் வழியாகச் சேமித்தால் மட்டும் ‘நல்’, அதாவது வெற்றிடம், விழுகிறது. ஹைபர்னேட் எங்கள் இயல்பு மதிப்பை ஏன் மதிப்பதில்லை?

பதில்: ‘நல்’ என்பது தமிழில் நன்மையைக் குறிக்கும் அடை, தரவுத்தளத்தில் அது எந்த நன்மையும் செய்வதில்லை. ஹைபர்னேட்டின் எஸ்கியூஎல் பதிவை இயக்கி, அது அனுப்பும் இன்செர்ட் கட்டளையை ஒருமுறை பாருங்கள். கிளாஸில் உள்ள எல்லா நெடுவரிசைகளின் பெயர்களும் அதில் இருக்கும். நீங்கள் மதிப்பிடாத புலத்திற்கு ‘நல்’ என்று வெளிப்படையாக எழுதப்பட்டிருக்கும். எஸ்கியூஎல் விதிப்படி, கட்டளையில் பெயரே குறிப்பிடப்படாத நெடுவரிசைக்குத்தான் இயல்பு மதிப்பு பொருந்தும். ‘நல்’ என்று எழுதுவது, ‘நீயே பார்த்து நிரப்பு’ என்று சொல்வதாகாது. ‘வெற்றிடமாகவே வை’ என்ற ஆணை அது. தரவுத்தளம் அந்த ஆணையை மதித்திருக்கிறது. ஆரக்கிள் 12சி பதிப்பில், ‘நல்’ வந்தாலும் இயல்பு மதிப்பையே இடும்படி நெடுவரிசையை வரையறுக்க ஒரு வழி சேர்க்கப்பட்டது. ஆனால் அதை நம்பி நிரல் எழுதினால் வேறு தரவுத்தளத்திற்கு மாறும்போது மறுபடியும் இதே கேள்வியைக் கேட்க நேரும்.

எளிய தீர்வு, ஜாவா கிளாஸில் புலத்தை அறிவிக்கும் வரியிலேயே ‘ட்ரூ’ என்று தொடக்க மதிப்பை எழுதிவிடுவது. ஆப்ஜெக்ட் பிறந்தவுடன் மதிப்பு இருக்கும், சேமிக்கும் முன்பே உங்கள் நிரல் அதை நம்பலாம். பதிவை வாசிக்கும்போதும் இந்தத் தொடக்க மதிப்பு ஒருமுறை இடப்படும் என்பது உண்மைதான். ஆனால் உடனே ஹைபர்னேட் தரவுத்தளத்து மதிப்பை அதன் மேல் எழுதிவிடுவதால் தீங்கில்லை. ஏற்கெனவே ‘நல்’ விழுந்த பழைய பதிவுகள் ‘நல்’ ஆகவே வரும் என்பதை மறவாதீர்கள். அவற்றை ஓர் அப்டேட் கட்டளையால் தனியாகத் திருத்த வேண்டும். ஆப்ஜெக்டைப் படிப்படியாகக் கட்டித்தரும், லாம்போக் என்ற ஜாவா நிரலகத்தின் பில்டரைப் பயன்படுத்துகிறீர்களா என்றும் பாருங்கள். பில்டர் வழியாக உருவாகும் ஆப்ஜெக்டில், ‘பில்டர் டிஃபால்ட்’ என்ற குறிப்பை அப்புலத்தின் மேல் எழுதாவிட்டால், தொடக்க மதிப்பு கைவிடப்பட்டுவிடும். கன்ஸ்ட்ரக்டர் வழியே சரியாகவும் பில்டர் வழியே தவறாகவும் நடந்துகொள்ளும் கிளாஸைப் பார்த்து மாலை முழுவதையும் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

தரவுத்தளத்தின் இயல்பு மதிப்பே ஆள வேண்டும் என்று நீங்கள் விரும்பினால், ‘டைனமிக் இன்செர்ட்’ என்ற குறிப்பைக் கிளாஸின் மேல் இடலாம். அப்போது ‘நல்’ ஆக உள்ள புலங்கள் கட்டளையிலிருந்து விடப்படும். ஆனால் சேமித்த பிறகும் நினைவகத்தில் உள்ள ஆப்ஜெக்டில் ‘நல்’ தான் இருக்கும். தரவுத்தளம் என்ன இட்டது என்று ரிஃப்ரெஷ் செய்து கேட்டறிய வேண்டும். ‘காலம் டிஃபால்ட்’ (இங்கே காலம் என்பது நெடுவரிசைக்கான ஆங்கிலச் சொல்) என்ற குறிப்பைப் பலர் இதற்கு மருந்தென்று நினைக்கிறார்கள். அது அட்டவணையை ஹைபர்னேட்டே உருவாக்கும்போது எழுதும் வரையறையை மட்டுமே மாற்றும்.

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்டின் ஓஆர்எம் கருவியான என்டிட்டி ஃப்ரேம்வொர்க் கோரில், தரவுத்தள இயல்பு மதிப்பு அறிவிக்கப்பட்ட புலம் அந்த டைப்பின் தொடக்க மதிப்பிலேயே இருந்தால், ‘நிரலர் எதுவும் இடவில்லை’ என்று கருவி கருதி, அதைக் கட்டளையிலிருந்து விட்டுவிடும். பூலியனின் தொடக்க மதிப்பு ‘இல்லை’. எனவே இயல்பு மதிப்பு ‘ஆம்’ ஆக உள்ள நெடுவரிசையில் நீங்கள் மெனக்கெட்டு ‘இல்லை’ என்று இட்டாலும், பதிவில் ‘ஆம்’ விழும். நெடுங்காலம் இதற்குப் புலத்தையோ அதன் பின்னுள்ள மாறியையோ ‘நல்’ ஏற்கும் வகையாக மாற்றுவதே வழியாக இருந்தது. 2023 நவம்பரில் வந்த 8ஆம் பதிப்பில், ‘இடவில்லை’ என்பதைக் குறிக்கும் மதிப்பு எது என்று நாமே சொல்லும் வசதி வந்தது; பூலியனுக்குக் கருவியே அதைச் சரியாகத் தேர்ந்துகொள்கிறது. ஹைபர்னேட்டின் சிக்கலும் இதுவும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை: சொல்லாமல் விட்டதற்கும் வெறுமையைச் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரே மாறியில் வைத்துக்கொள்ள இயலாமை.

கேள்வி: முதன்மைச் சாவியாக யூயூஐடி (எங்கும் மீளாதபடி உருவாக்கப்படும் நீண்ட அடையாள எண்) பயன்படுத்தும்போது அதைத் தரவுத்தளம் உருவாக்குவது நல்லதா, ஆப்ஜெக்டே உருவாக்குவது நல்லதா?

பதில்: ஆப்ஜெக்ட். சேமிக்கும் முன்பே சாவி தெரிந்துவிடுவதால் துணை ஆப்ஜெக்டுகளை இணைக்கலாம், பதிவேட்டில் எழுதலாம். ஜாங்கோவில் மட்டும் மேலே சொன்ன அடைப்புக்குறியை இங்கும் போட்டுவிடாதீர்கள். இரண்டாவது ஆப்ஜெக்டுக்கும் முதலாவதன் சாவியே வரும்.

கேள்வி: செலுத்த வேண்டிய கடைசி நாள், பில் தேதியிலிருந்து 30 நாள் தள்ளி இருக்க வேண்டும். இதை இயல்பு மதிப்பாக எழுத முடியவில்லை என்பதால் சேவ் மெத்தடை மேலெழுதினேன். பெரிய கோப்பிலிருந்து மொத்தமாக இறக்குமதி செய்தபோது அந்தப் புலம் எதிலும் நிரம்பவில்லை.

பதில்: நீங்கள் பயன்படுத்தியது ஜாங்கோவின் ‘பல்க் கிரியேட்’ என்று கொள்கிறேன். அது எல்லா ஆப்ஜெக்டுகளையும் சேர்த்து ஒரே கட்டளையாக அனுப்புவதால், தனித்தனி ஆப்ஜெக்டின் சேவ் மெத்தடை அழைப்பதில்லை. சேமிப்புக்கு முன்னும் பின்னும் எழும் சிக்னல்களையும் எழுப்புவதில்லை. புலத்தின் மேல் எழுதிய இயல்பு மதிப்புகள் ஆப்ஜெக்ட் பிறக்கும்போதே இடப்பட்டுவிட்டதால் அவை மட்டும் தப்பிக்கின்றன. பிஎச்பி மொழியின் லாராவெலில் உள்ள எலோகுவென்ட் என்ற ஓஆர்எம் கருவியில் இன்னும் கடுமை. அங்கே ‘இன்செர்ட்’ மெத்தடுக்கு வரிசைகளாகத் தரவைக் கொடுத்தால் மாடல் ஆப்ஜெக்டே உருவாவதில்லை. ஆகவே ‘கிரியேட்டிங்’ நிகழ்வும் எழாது, கிளாஸில் எழுதிவைத்த இயல்புப் பண்புகளும் பொருந்தா.

இன்னொரு புலத்தைப் பார்த்துக் கணக்கிடப்படும் மதிப்பை ‘இயல்பு மதிப்பு’ என்று அழைக்கவே எனக்குத் தயக்கம். அது ஒரு வணிக விதி. பில் தேதி பின்னர் திருத்தப்பட்டால் கடைசி நாளும் நகர வேண்டுமா, நிற்க வேண்டுமா என்ற கேள்வி உடனே எழுகிறது. புலத்தின் வரையறையில் அதற்கு விடை எழுத இடமில்லை. ‘புதிய பில்லை உருவாக்கு’ என்று கிளாஸ் மெத்தட் ஒன்றை எழுதி, பில் தேதியைக் கேட்டு வாங்கிக் கடைசி நாளையும் கணக்கிட்டு, முழுமையான ஆப்ஜெக்டைத் திருப்பித் தரச் செய்யுங்கள். திரையிலிருந்து வரும் பில்லும் இறக்குமதிக் கோப்பிலிருந்து வரும் பில்லும் அந்த ஒரே வாசல் வழியாக நுழையட்டும். அதன் பிறகு பல்க் கிரியேட்டுக்கு அனுப்பினாலும் ஒன்றும் விடுபடாது. எஸ்கியூஎல்ஆல்கெமியில், இயல்பு மதிப்புக்கான செயற்கூறு தன்னுடன் செருகப்படும் மற்ற மதிப்புகளைக் கேட்டறியும் வசதி உண்டு. ஆனால் அந்த மதிப்பு ஃப்ளஷின்போதுதான் வரும் என்பதால், திரையில் காட்டிச் சரிபார்க்க வேண்டிய தேதிக்கு அது உதவாது.

கேள்வி: பல லட்சம் பதிவுகள் உள்ள அட்டவணையில், ‘நல்’ ஏற்காத புதிய நெடுவரிசை ஒன்றைச் சேர்க்க வேண்டும். ஜாங்கோ மாடலில் இயல்பு மதிப்பு கொடுத்து மைக்ரேஷனை ஓட்டினோம்; அது முடிந்தது. ஆனால் புதிய நிரல் எல்லாச் சர்வர்களுக்கும் போய்ச் சேரும் வரை, பழைய நிரல் ஓடும் சர்வர்களில் பதிவு சேர்ப்பது தோல்வியுற்றது. இயல்பு மதிப்புதான் கொடுத்தோமே?

பதில்: கொடுத்தீர்கள்; ஜாங்கோ அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மைக்ரேஷன் அனுப்பும் எஸ்கியூஎலை ‘எஸ்கியூஎல் மைக்ரேட்’ கட்டளையால் அச்சிட்டுப் பாருங்கள். முதல் வரி நெடுவரிசையை இயல்பு மதிப்போடு சேர்க்கும். அதனால்தான் பழைய பதிவுகள் நிரம்பின. அடுத்த வரி அந்த இயல்பு மதிப்பைக் கழற்றிவிடும். ஆப்ஜெக்ட் பிறக்கும்போது மதிப்பை இடுவது தன் வேலை, தரவுத்தளத்தின் வேலையன்று என்பது ஜாங்கோவின் நெடுநாள் கொள்கை. பழைய நிரலின் மாடலுக்கோ இப்படி ஒரு நெடுவரிசை இருப்பதே தெரியாது. அது அனுப்பும் இன்செர்ட்டில் அதன் பெயர் இல்லை, தரவுத்தளத்திலும் இயல்பு மதிப்பு இல்லை, ‘நல்’லும் ஆகாது. மூன்று கதவுகளும் மூடியிருக்க, கட்டளை திரும்பிவிடுகிறது.

2023 டிசம்பரில் வந்த ஜாங்கோ 5.0 இதற்கென்றே ‘டிபி டிஃபால்ட்’ என்ற ஒன்றைத் தந்திருக்கிறது. அதைக் கொடுத்தால் இயல்பு மதிப்பு தரவுத்தளத்திலேயே தங்கிவிடும். பழைய நிரலும், கையால் எழுதும் எஸ்கியூஎலும், வேறு மொழியில் எழுதப்பட்ட துணைச் செயலியும் அதன் பயனைப் பெறும். ஆனால் அதை மட்டும் கொடுத்தால், சேமிக்கும் முன் ஆப்ஜெக்டில் உண்மையான மதிப்பு இருக்காது. ‘தரவுத்தளம் இடும்’ என்பதற்கான ஒரு குறி மட்டுமே இருக்கும். அதனால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். பைத்தானில் பிறக்கும் ஆப்ஜெக்டுக்குப் பழைய ‘டிஃபால்ட்’ முந்திக்கொள்ளும்; ஜாங்கோவுக்கு வெளியிலிருந்து வரும் பதிவுகளுக்கு மற்றது. ஒரே மதிப்பை இரண்டு இடத்தில் எழுதுவது சிலருக்கு உறுத்தும். ஒரே மாறிலியை இரண்டு இடத்திலும் சுட்டினால் அந்த உறுத்தல் பாதி குறையும். 5.0க்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள், முதலில் ‘நல்’ ஏற்கும் நெடுவரிசையாகச் சேர்த்து, புதிய நிரலை எங்கும் பரப்பி, பழைய பதிவுகளைச் சிறு சிறு தொகுதிகளாக நிரப்பி, கடைசியில்தான் ‘நல்’லைத் தடை செய்ய வேண்டும்.

பெரிய அட்டவணை என்று சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில், 2018இல் வந்த 11ஆம் பதிப்புக்கு முன்பு, இயல்பு மதிப்போடு நெடுவரிசையைச் சேர்த்தால் முழு அட்டவணையும் திரும்ப எழுதப்படும். அதுவரை அட்டவணை பூட்டியே கிடக்கும். 11 முதல், மாறிலியான இயல்பு மதிப்பானால் அது அட்டவணையின் விவரக் குறிப்பில் மட்டும் எழுதப்பட்டு, பழைய பதிவுகளை வாசிக்கும்போது அங்கிருந்து எடுத்துத் தரப்படுகிறது. பதிவுக்குப் பதிவு மாறக்கூடிய மதிப்பை, தற்செயல் எண் போன்றதைக் கொடுத்தால் பழையபடி முழுவதும் எழுதப்படும். மைஎஸ்கியூஎலில் 8.0.12 முதல் நெடுவரிசையை உடனடியாகச் சேர்க்கலாம், 8.0.13 முதல் இயல்பு மதிப்பாகக் கோவைகளையும் எழுதலாம். இவற்றில் எதிலும், பின்னர் ஒரு நாள் இயல்பு மதிப்பை மாற்றினால் ஏற்கெனவே உள்ள பதிவுகள் மாறா.

கேள்வி: போஸ்ட்கிரெஸில் உருவான நேரத்தை ‘நவ்’ என்ற இயல்பு மதிப்பால் தரவுத்தளமே இடும்படி வைத்தோம். ஓர் இறக்குமதியில் சேர்ந்த 400 பதிவுகளுக்கும் மைக்ரோ நொடி வரை ஒரே நேரம் விழுந்திருக்கிறது. அடைப்புக்குறிச் சிக்கல் இங்கும் உண்டா?

பதில்: இல்லை. போஸ்ட்கிரெஸில் ‘நவ்’ தருவது பரிவர்த்தனை தொடங்கிய நேரம். ஒரே பரிவர்த்தனைக்குள் எத்தனை முறை கேட்டாலும் அதே விடைதான். ஒன்றாகச் சேர்ந்த பதிவுகள் ஒரே நேரத்தைப் பெறுவதை அதன் ஆசிரியர்கள் வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பதிவுக்கும் சுவர்க் கடிகாரத்தின் நேரமே வேண்டுமானால் ‘கிளாக் டைம்ஸ்டாம்ப்’ என்ற செயற்கூற்றை இயல்பு மதிப்பாக்கலாம். ஆனால் சேர்ந்த வரிசையை அறிவதற்காகத்தான் கேட்கிறீர்கள் என்றால், நேரத்தை விட்டுவிட்டு ஏறுமுகமான ஓர் எண்ணை, அல்லது மூலக் கோப்பின் வரி எண்ணை, தனி நெடுவரிசையில் சேமித்து அதைக்கொண்டு வரிசைப்படுத்துங்கள். உங்கள் 400 பதிவுகளுக்கும் அந்த வரி எண் இறக்குமதி நிரலின் கையில் ஏற்கெனவே இருக்கும்.